சக் வேகன் கேங்குக்கும் ஒரு பலகை வேண்டும்

கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் நிர்வாகிகளுக்கும், சிறந்த கலைஞர்களுக்குப் பெயர்ப் பலகை வைத்துக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். 1961 முதல் நீங்கள் கௌரவித்துவரும் கலைஞர்களின் பட்டியலை 2025 வரை பார்த்துவிட்டேன். கார்ட்டர் என்ற டெக்சஸ் குடும்பம் தொடங்கிய பாடகர் குழுவான சக் வேகன் கேங் அதில் இல்லை. அதே பெயர் கொண்ட இன்னொரு பாடகர் குழுவான கார்ட்டர் ஃபேமிலியை 1970இலேயே சேர்த்துவிட்டீர்கள், சரி. அவர்கள் வர்ஜீனியாக்காரர்கள். நான் சொல்வது டெக்சஸ் கார்ட்டர்களை.

1935இல் மகள் உடம்புக்கு முடியாமல் கிடக்க, கையில் காசில்லாத டேவிட் பார்க்கர் கார்ட்டர் லபக் நகர வானொலி நிலையத்துக்குப் போய்ப் பாட வாய்ப்புக் கேட்டார். அப்பா, மகள்கள் ரோஸ், அன்னா, மகன் ஜிம் என நால்வர். மறு ஆண்டே ஃபோர்ட் வொர்த் வானொலியில் பெவ்லி மில்ஸ் மாவு நிறுவனத்தின் ஆதரவில் பாடினார்கள். சக் வேகன் கேங் என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் முதல் ஒலிப்பதிவு. ஆரம்பத்தில் பக்திப் பாட்டோடு மற்றப் பாட்டுகளும் இருந்தன. நேயர்கள் விரும்பிக் கேட்டது பக்திப் பாட்டை. அதுவே அவர்கள் வழியாகிவிட்டது.

அந்தப் பழைய இசைத்தட்டு ஒன்றைத் தயவுசெய்து மறுபடி போட்டுக் கேளுங்கள். ஆண்கள் நால்வராக நின்று பாடுவதே காஸ்பல் என்னும் கிறிஸ்தவப் பக்தி இசையில் வழக்கமாயிருந்த காலம் அது. இங்கே ரோஸின் குரல் மெட்டை ஏந்திப் போகிறது, அன்னா கீழிருந்து தாங்குகிறார். பல்லவியில் ஜிம்மின் கனத்த குரல் பதில் சொல்கிறது. பின்னால் ஒரே ஒரு கிதார். யாரும் யாரையும் முந்துவதில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து பாடி வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி மூச்சு ஒத்துப்போகும். 1975 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தது இந்தக் குழு.

"அவர்கள் காஸ்பல்காரர்கள்தானே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அன்னாவை 1968இல் மணந்த பாடகர் ஜிம்மி டேவிஸ் 1972இலேயே உங்கள் பட்டியலில் ஏறிவிட்டார். பிற்காலத்தில் அவரும் பெரும்பாலும் பக்திப் பாட்டுதான் பாடினார். அது அவருக்குத் தடையாகவில்லை. மனைவியின் குடும்பத்துக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? அந்தக் கிதாரும் அந்த உச்சரிப்பும் டெக்சஸ் பருத்திக் காட்டு மக்களுடையவை. கண்ட்ரி இசை பிறந்ததும் அப்படிப்பட்ட வீடுகளில்தான்.

முதல் நால்வரில் இன்று யாரும் இல்லை. ஆனால் அன்னாவின் பேத்தி காலத்திலும் குழு பாடிக்கொண்டிருக்கிறது. மூத்த கலைஞர்களுக்கென்று நீங்களே ஒரு பிரிவு வைத்திருக்கிறீர்கள். அடுத்த வாக்கெடுப்பில் அந்தப் பிரிவில் இவர்கள் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் ரசிகன்