சபா செயலாளர்களுக்கு ஒரு அமெச்சூர் நடிகனின் மடல்

வணக்கம் சார்.

போன மாதம் எங்கள் நாடகத்துக்குத் தேதி கேட்டு, கச்சேரியும் நாடகமும் நடத்துகிற ஒரு சபாவுக்குப் போனேன். எந்த சபா என்பது வேண்டாம். செயலாளர் ஸ்கிரிப்டைப் புரட்டக்கூட இல்லை. "ஆபீஸ் போறவங்கதானே? அமெச்சூர்... டிசம்பர் கச்சேரி சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். எந்த வருஷத்து டிசம்பர் என்று நான் கேட்கவில்லை.

அந்த அமெச்சூர், அதாவது பிழைப்புக்காக நடிக்காதவன், என்கிற சொல்தான் உறுத்துகிறது. 1891-இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைச் சென்னையில் பார்த்த வேகத்தில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினாரே பம்மல் சம்பந்த முதலியார், அப்போது அவருக்கு 18 வயது. அப்புறம் வக்கீலானார், ஜட்ஜும் ஆனார். நாடகம் அவருக்குப் பிழைப்பு இல்லை, ஆனாலும் தொண்ணூறுக்கு மேல் நாடகங்கள் எழுதினார். அவர் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம் என்றால், ஜோடியாகப் பெண் வேஷமான ஸ்திரீபார்ட்டில் ரங்கவடிவேலு, இருவரும் ஆண்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையில் நடித்தவர்தான். தொழில்முறைக் கம்பெனிகள் விடிய விடிய ஆடிய காலத்தில் இவர்கள் சில மணி நேரத்தில் திரையை இறக்கிவிடுவார்கள். மறுநாள் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு.

பம்மல் எழுதிய 'மனோகரா' நாடகத்தைப் பிறகு, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போட்டன. 1954-இல் சிவாஜி நடித்துப் படமாகவும் வந்தது. வேர் எங்கே இருந்தது பாருங்கள்.

அதற்காக அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனசில்லை. படித்தவன் வேஷம் கட்டினால் கலைஆர்வம், வயிற்றுக்காகக் கட்டினவன் கூத்தாடி என்பதுதானே அன்றைய பேச்சு? பம்மலே சின்ன வயசில் தமிழ் நாடகம் என்றால் வெறுத்தவர், அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இப்போது சக்கரம் சுற்றி, அமெச்சூர் என்றால் இளக்காரம். இரண்டும் ஒரே திமிர்தான் சார், ஆள்தான் மாறியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரில் சபா என்று இருக்கிறதே, அந்த முதல் சபைகளில் உறுப்பினர்தான் நடிகர். ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு புதன்கிழமை, கச்சேரி இல்லாத நாளாகப் பார்த்து, மின்கட்டணத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஹாலைக் கொடுங்கள். மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்துப் பார்த்து கீழ்வீட்டு மாமிக்கு எங்கள் வசனம் முழுக்க மனப்பாடம்; மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கிற ப்ராம்ப்டருக்கு இனி ஆள் தேடவேண்டியதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். எங்களுக்கும் மறுநாள் ஆபீஸ் இருக்கிறது.