கர்த்தர் சொன்னாரா, நாம் சொன்னோமா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தாமதத்துக்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று ஏகப்பட்ட கட்டளை. சும்மா படுத்திருந்ததில் நீ எழுதியதை நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்தது. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து இவ்வளவு மோசம் என்பதும் தெரிகிறது.

உன் மகன் உன்னை உட்காரவைத்து, "எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு இல்லைப்பா" என்று சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன். நீ கத்தவும் இல்லை, அழவும் இல்லை, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாய். உன்னைத் தெரிந்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவன் அந்த இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ, அதுதான் தெரியவில்லை.

போதகர் "கர்த்தருக்கு இது அருவருப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், மகனோ "கடவுள்தான் என்னை இப்படிப் படைத்தார், அவருக்கு ஆட்சேபமே இல்லை" என்கிறான், இரண்டு பேரும் நேரில் கேட்டுவிட்டு வந்த மாதிரிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேதபாட வகுப்பு எடுத்தவன் நீ, நீயே சொல் என்கிறாய்.

வகுப்பு எடுத்ததால்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. ஒருமுறை வகுப்பில் இதே விஷயம் வந்தது. எழுந்து நின்று, குரலை உயர்த்தி, தேவனுடைய கருத்து இதுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "சார், இது அவர் சொன்னதா, நீங்க சொல்றதா?" கேலி செய்கிறான் என்று நினைத்து வெளியே போகச் சொன்னேன். போனவன் திரும்பி வரவில்லை. அவன் கேலி செய்யவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

வசனம் இல்லாமல் இல்லை. ஆணோடு ஆண் சேர்வதை லேவியராகமம் 18:22 தெளிவாகவே தடுக்கிறது. அதற்குச் சுற்றி வளைத்துப் பொருள் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தில், 19:19-இல், இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்றும் இருக்கிறது. அதை யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. எது என்றைக்குமான கட்டளை, எது அன்றைய இஸ்ரவேலருக்கு மட்டும் என்று பிரிக்கிறோம். பிரிக்க நல்ல காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் பிரிப்பது மனுஷக் கைதான்.

இந்தப் பாவத்துக்காகத்தான் கர்த்தர் அழித்தார் என்று நாம் காட்டும் சோதோம் பட்டணத்தை எடுத்துக்கொள். அதன் அக்கிரமம் அகந்தை, வயிறு நிறைந்த சுகவாழ்வு, எளியவனுக்குக் கைகொடுக்காதது என்கிறார் எசேக்கியேல் தீர்க்கதரிசி (16:49). அடுத்த வசனத்தில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் சேர்க்கிறார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் சோதோமைப் பற்றி அத்தனை முறை பேசிய நான், அந்த எளியவனை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அப்புறம் 1 கொரிந்தியர் 6:9. தேவனுடைய ராஜ்யத்தில் யார் யாருக்கு இடமில்லை என்ற பட்டியலில் அப்போஸ்தலன் பவுல் அங்கே இரண்டு கிரேக்கச் சொற்களை வைக்கிறார்: மலகோய், அர்செனோகொய்தாய். முதல் சொல்லுக்கு நேர்ப்பொருள் மென்மையானவர்கள். நீயும் நானும் படித்து வளர்ந்த பழைய தமிழ் வேதாகமம் அதைச் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்கிறது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பு, பெண்தன்மை கொண்டவர் என்றது. 1946-இல் வெளிவந்த ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாடு இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக 'ஹோமோசெக்ஷுவல்ஸ்' என்று போட்டது. 1971-இல் அதையும் மாற்றிவிட்டார்கள். அந்தச் சொல்லே 1869-இல்தான் முதலில் அச்சேறியது, அதுவும் ஜெர்மன் மொழியில். பவுல் என்ன நினைத்தார் என்பதிலேயே இத்தனை தடுமாற்றம். அதற்கும் மேலே ஏறி, தேவன் என்ன நினைக்கிறார் என்று நான் எந்தத் துணிச்சலில் சொன்னேன்?

(நீ கடிதம் முழுக்க 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் ஒரு ஆளைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. இப்போது 'தன்பாலீர்ப்பு' என்கிறார்கள். உன் மகன் உன்னிடம் சொன்னதும் ஈர்ப்பைப் பற்றித்தானே.)

தெரியும் என்று சொன்னவர்கள் சறுக்கியதற்குக் கணக்கில்லை. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் 1845-இல் தனியாகப் பிரிந்ததே அடிமை வைத்திருப்பவர்கள் ஊழியம் செய்யலாமா என்ற சண்டையில்தான். வசனத்தைக் காட்டித்தான் அடிமைமுறையை நியாயப்படுத்தினார்கள். 1995-இல் மன்னிப்புக் கேட்டார்கள். தன்பாலீர்ப்பை ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றலாம் என்று 1976 முதல் நடந்த 'எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்' அமைப்பு 2013-இல் மூடப்பட்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் தாங்கள் புண்படுத்தியவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவரும் கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம், உன் பாவம்தான் காரணம் என்று சாதித்த அவன் சிநேகிதர்களும் அப்படித்தான். தேவனுக்காகப் பரிந்துதான் அவ்வளவும் பேசினார்கள், சொன்னதில் பாதிக்கு மேல் நாம் ஆமென் போடக்கூடியவை. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுப் புலம்பிய யோபுவை அவர் சரி என்றார்.

உன் மகன் சொல்வதையும் நான் அப்படியே ஏற்க முடியாது. பிறவியிலேயே வந்ததெல்லாம் கடவுளின் சம்மதத்தோடு வந்தது என்றால் என் முன்கோபத்துக்கும் சம்மதம் உண்டு என்றாகிவிடும். 'விண்டவர் கண்டிலர்' என்பது அவனுக்கும் பொருந்தும். ஆனால் இரண்டு பேச்சும் ஒரே எடை இல்லை. அவன் தவறாக இருந்தால் கணக்குக் கொடுக்கப்போகிறவன் அவன். போதகர் தவறாக இருந்தால் அதையும் சுமக்கப்போவது அவன்தான்.

அப்படியானால் நான் ஒன்றுமே சொல்ல மாட்டேனா? சொல்கிறேன். அவன் ஒருவனை நேசித்து, அவனோடு உண்மையாக வாழ்ந்தால், அதில் தேவன் கோபப்பட எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. இது என் எண்ணம். இதன் அடியில் என் கோணல் கையெழுத்தை மட்டும்தான் போடுவேன், அவருடையதைப் போட மாட்டேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டாதே. அவனைப் பற்றி நாம் இருவரும் வழக்குப் பேசுகிற மாதிரி இருக்கும். அவனுடைய முகவரியை அனுப்பு, நான் தனியாக எழுதுகிறேன். அந்தப் பின்வரிசைப் பையனின் முகவரியையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டையும் எழுதிவிட வேண்டும்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்