எல்லைக்கல் தேடிய கதை

சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம், ஆனால் உண்மையில் சோம்பல்தான். நம் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள், நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று பெண்களெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "உங்க ஊர் என்னடா, நகராட்சியா, பேரூராட்சியா? தலைவர் யாரு?" முப்பது வருஷம் ஊராட்சி எழுத்தராக இருந்தவன் அப்படித்தான் கேட்பாய்.

ஒன்றுமே இல்லை. நகராட்சி இல்லை, பேரூராட்சி இல்லை, ஊராட்சியும் இல்லை. தலைவர், வார்டு மெம்பர், மன்றக் கூட்டம் எதுவும் கிடையாது. 2020 கணக்கெடுப்புப்படி 81 ஆயிரம் பேர் இருக்கிறோம். மெட்ரோ ரயில் நிற்கிறது, இருபது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணில் இப்படி ஒரு ஊர் இல்லை. மக்கள்தொகை எண்ணுகிறவர்கள் தங்கள் வசதிக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, "இதுவரைக்கும் சில்வர் ஸ்பிரிங்" என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு எண்ணிக்கை தவிர வேறு அதிகாரம் இல்லை. எங்களை ஆள்வது மான்ட்கோமெரி கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள். கலெக்டர் இடத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு நிர்வாகத் தலைவரும், 11 பேர் கொண்ட மன்றமும் ராக்வில் என்ற ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ், பள்ளிக்கூடம், தெருவில் பனி தள்ளுவது, குப்பை எல்லாம் அங்கிருந்துதான். பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டியில் நாங்கள் ஒரு மூலை.

ஊர் எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். தபால்காரரைக் கேட்டால் வடக்கே பத்து மைல் தள்ளி இருக்கிறவர்கள்கூட சில்வர் ஸ்பிரிங்தான். உன் மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் இருக்கிறாரே, அவரைக் கேட்டுப் பார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகத்துக்குக் கடிதம் போட்டால் முகவரியில் எங்கள் ஊர்ப் பெயர்தான் இருக்கும். கணக்கெடுப்புக் கோட்டின்படி அது ஒயிட் ஓக், எங்கள் ஊரே இல்லை. டிடிடி போன்ற பூச்சிமருந்துகளின் கேட்டை 1962இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சன், 'சைலன்ட் ஸ்பிரிங்' என்ற அந்தப் புத்தகத்தை எழுதிய வீடும் அப்படித்தான். கோட்டுக்கு வெளியே இருந்தாலும் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

சரி, பெயர்க் கதைக்கு வருகிறேன். 1840இல் பிரான்சிஸ் பிரஸ்டன் பிளேர் என்ற பத்திரிகைக்காரர், ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாக இருந்தபோது அவருக்கு மிக நெருக்கமாக இருந்தவர், வாஷிங்டனுக்கு வடக்கே குதிரையில் வந்திருக்கிறார். குதிரையின் பெயர் செலிம். அந்த மனிதர்களை விடக் குதிரையின் பெயர்தான் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காட்டுக்குள் ஒரு ஊற்று. தண்ணீர் கொப்பளிக்கும்போது மணலில் ஏதோ வெள்ளி மாதிரி மின்னியிருக்கிறது. அது வெள்ளி இல்லை, அப்பிரகம். நாம் ஓடைக்கரையில் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் நிரப்பிக்கொள்வோமே, காக்காப்பொன், அதேதான். உள்நாட்டுப் பாறை நிலம் முடிந்து கடலோரச் சமவெளி தொடங்குகிற விளிம்பில் எங்கள் ஊர் இருக்கிறது. இங்குள்ள பாறையில் அப்பிரகம் நிறைய. ஸ்லைகோ ஓடைப் பக்கம் நடக்கப் போனால் இன்றைக்கும் செருப்பில் ஒட்டிக்கொண்டு மினுங்கும். பிளேர் அங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டி, அதற்கு 'சில்வர் ஸ்பிரிங்' என்று பெயர் வைத்தார். காக்காப்பொன்னைப் பார்த்து வெள்ளி என்று பெயர் வைத்த ஊரில்தான் நான் இருக்கிறேன்.

போன மாதம் அந்த ஊற்றைப் பார்க்கப் போனேன். ஒரு சின்னப் பூங்கா, நம் பிள்ளையார் கோயில் திடல் அளவுகூட இருக்காது. மரத்தூண்கள் மேல் ஓக் மரத்துக் கொட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மண்டபம் நிற்கிறது. பக்கத்தில் கல் அடுக்கிய ஒரு குழி. எட்டிப் பார்த்தேன். காய்ந்த இலையும் ஒரு காப்பிக் கோப்பையும் கிடந்தன. 1950களில் சுற்றிலும் கட்டடம் எழும்பியதில் ஊற்று வற்றிவிட்டது. பிளேரின் வீட்டையும் ஏறக்குறைய அப்போதுதான் இடித்தார்கள். பெயர் மட்டும் பத்து மைலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது. பிளேரின் மகன் மான்ட்கோமெரி பிளேர் வக்கீல். தனக்கு விடுதலை வேண்டும் என்று வழக்குப் போட்ட டிரெட் ஸ்காட் என்ற அடிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி 1857இல் தோற்றவர். அப்புறம் லிங்கனின் மந்திரிசபையில் தபால் துறை மந்திரி. அப்பா பிளேரிடமோ அடிமைகள் இருந்தார்கள். ஒரே குடும்பத்துக்குள் இப்படி. உள்நாட்டுப் போர் நடந்த 1864 ஜூலையில் தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லி வாஷிங்டனைப் பிடிக்க வந்தபோது அப்பாவின் வீட்டில்தான் தங்கினார். அதைச் சூறையாடினார்கள், கொளுத்தவில்லை. பக்கத்திலிருந்த மகனின் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். சில மைல் தெற்கே ஸ்டீவன்ஸ் கோட்டையில் நடந்த சண்டையைப் பார்க்க லிங்கனே வந்து நின்று, குண்டு பக்கத்தில் பறந்ததாம்.

ரயில் 1873இல் வந்தது. 1920களில் பிளேரின் வாரிசு புரூக் லீ நிலத்தைப் பிளாட் போட்டு விற்கத் தொடங்கினார். நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஊருக்கு ஆட்சி இல்லை என்றேன் அல்லவா? அதற்காக யாரும் ஆளாமல் இருக்கவில்லை. நிலம் விற்றவர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கிரயப் பத்திரங்களை இப்போது எடுத்துப் படித்தால் வயிறு கலங்கும். இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அவர்கள் குடியிருக்கவும் கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். நீயும் நானும் பார்த்த ஊர்களில் இதை யாரும் பத்திரத்தில் எழுதியதில்லை, எழுதாமலே நடந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அடியோடு சட்டவிரோதமானது 1968இல்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் லிட்டன்ஸ்வில். சாமுவேல் லிட்டன் என்ற, அடிமையாக இல்லாத ஒரு கறுப்பின மனிதர் 1853இல் நாலு ஏக்கர் வாங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு அது. இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் தார் போட்டு வெகு காலம் ஆன பிறகும், 1960கள் வரை அவர்களுக்கு மண்சாலைதான். இரண்டு பக்கத்தையும் இணைத்தது ஒரு ஒற்றைவழிப் பாலம். 1918இல் ரயில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையின் பழைய இரும்பை வைத்தே ரயில்வேக்காரர்கள் கட்டியது. கடைக்கும் வேலைக்கும் போக அந்த மக்களுக்கு இருந்த வழி அது. பலகை தடதடக்க நானும் இரண்டொரு முறை நடந்திருக்கிறேன். பர்ப்பிள் லைன் என்று ஒரு ரயில்பாதை போடுகிறார்கள், 16 மைல், 21 நிலையம். அதற்காக 2019இல் பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். 2017இல் தொடங்கிய பாதை வேலை இழுத்துக்கொண்டே போகிறது. நம் ஊர் மேம்பாலம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

1938இல் கடைவீதியும் சினிமாக் கொட்டகையும் வந்தன. 1978இல் மெட்ரோ வந்தது. மெட்ரோ வந்தும் ஊர் தூங்கிவழிந்தது. எல்லோரும் காரில் ஏறிப் பெரிய மால்களுக்குப் போய்விட்டார்கள். 2000த்துக்குப் பிறகு கவுண்டி பணத்தைக் கொட்டி எழுப்பியது. கடைகளுக்கு நடுவே போகிற எல்ஸ்வொர்த் டிரைவ் என்ற தெருவை ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். தெரு மாதிரியே இருக்கும், பெயர்ப்பலகையும் இருக்கும். 2007இல் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காவலாளி தடுத்து, "இது தனியார் இடம்" என்றிருக்கிறார். ஊர் கொதித்துவிட்டது. ஜூலை 4, சுதந்திர தினத்தன்று ஆளாளுக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தெருவைப் படம் எடுத்துத் தள்ளினார்கள். கடைசியில் கவுண்டியின் வக்கீலே, இது பொது இடம்தான், மக்களின் உரிமைகள் அங்கேயும் செல்லும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதே சமயத்தில், கட்டடம் வரும்வரை சும்மா கிடந்த மனையில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து வைத்தார்கள். ஜனங்கள் அதில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் உருள, கிழவர்கள் பேப்பர் படிக்க, எத்தியோப்பியப் பையன்கள் கிடார் வாசிக்க. எங்கள் ஊருக்கு ஊர்மந்தை என்று ஒன்று இருந்ததென்றால் அந்தப் பிளாஸ்டிக் புல்தான். அங்கே பொதுக்கட்டடம் வரப்போகிறது, புல்லை எடுக்கப்போகிறோம் என்றபோது எதிர்ப்பு வந்தது. 2010இல் கட்டடம் திறந்தாயிற்று. நல்ல கட்டடம்தான். புல் போனது போனதுதான்.

எத்தியோப்பியர்கள் என்றதும் நினைவு வருகிறது. இங்கே அவர்கள் கடை தெருவுக்குத் தெரு. இன்ஜெரா என்று ஒன்று, புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்துப் பெரிய ஆப்பம் அளவில் தட்டு நிறைய விரிப்பார்கள். பருப்பையும் கீரையையும் மேலேயே வைப்பார்கள். கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். முதல் தடவை சாப்பிட்டபோது ஸ்பூன் தேடாத ஊர் என்று மனசு ஆறிவிட்டது. கோயிலுக்கு லேன்ஹம் போவோம், காரில் அரை மணி நேரம். முருகன் கோயில் ஒன்று, சிவா விஷ்ணு கோயில் ஒன்று. அந்த லேன்ஹமும் எங்களைப் போல நகராட்சி இல்லாத ஊர்தான். முருகனுக்கு அது ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது.

வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் டக்கோமா பார்க். அது 1890இலேயே முறையாக நகரமாகப் பதிவானது. மேயர் உண்டு, மன்றம் உண்டு, சொந்தப் போலீஸ் உண்டு. 1983இல் தங்கள் ஊரை அணு ஆயுதமில்லாப் பகுதி என்று தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். உனக்குச் சிரிப்பு வரும். குடியுரிமை இல்லாதவர்களும் அங்கே ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2013 முதல் 16 வயதுக்காரர்களும் போடலாம். கிரீன் கார்டோடு இத்தனை வருஷம் இருக்கிற எனக்கு இங்கே எந்தத் தேர்தலிலும் ஓட்டு இல்லை. என் பேத்திக்கு இப்போது 16. "தாத்தா, பத்து நிமிஷம் தள்ளி வீடு வாங்கியிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் ஓட்டு இருந்திருக்கும்" என்கிறாள். அவள் அப்பாவோ, "அங்கே கவுண்டி வரியோடு நகர வரியும் சேர்த்துக் கட்டணும்மா" என்கிறான். உங்கள் ஊரில் நடக்கிற அதே வாக்குவாதம் எங்கள் சாப்பாட்டு மேசையிலும் நடக்கிறது.

நான் பேத்தி கட்சி. ஏன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் எங்கள் முனையில் பெரிய கிளை ஒன்று நடைபாதையில் விழுந்தது. ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், இந்தச் சாலை எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்று, சாலை எங்களுடையதுதான், நடைபாதை இல்லை என்றது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, ஒவ்வொருவரும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். மூன்று எண்களை நாட்காட்டி ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். கிளை பதினோரு நாள் கிடந்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் ரம்பத்தோடு வந்து அறுத்துப் போட்டார். உன் ஊராட்சித் தலைவரை நீ எவ்வளவு திட்டினாலும், டீக்கடையில் நிறுத்தி வைத்துத் திட்ட அங்கே ஒரு ஆள் இருக்கிறார் சண்முகம்.

எங்களுக்கென்று எல்லைக்கல் இல்லை. ஆனால் எங்கள் தெற்கு ஓரத்தில் தலைநகரத்தின் எல்லை போகிறது. 1791, 92இல் பக்கத்துக்குப் பத்து மைலாக ஒரு சதுரம் அளந்து, மைலுக்கு ஒன்றாக 40 கல் நட்டார்கள். சதுரத்தின் வடக்கு முனைக்கல் இங்கேதான், ஈஸ்ட் வெஸ்ட் ஹைவே ஓரத்தில். உனக்காகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரும்பு வேலிக்குள் முழங்கால் உயரத்துக்கு மணற்கல். இந்தக் கற்களில் ஒரு பக்கம் 'மேரிலாந்து' என்றும், எதிர்ப்பக்கம் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆளுகை' என்றும் வெட்டியிருப்பார்கள். இன்னொரு பக்கம் நட்ட வருஷம், மற்றதில் திசைகாட்டி முள் எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. மழையில் எழுத்தெல்லாம் தேய்ந்து, விரலால் தடவினால்தான் ஏதோ பள்ளம் தெரிகிறது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு மைல் தள்ளி ஈஸ்டர்ன் அவென்யூவில் இருந்த அடுத்த கல்லை 1952இல் புல்டோசர் பெயர்த்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும்தான் கேட்கத் தோன்றியது. நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வாய்க்கால் மேட்டில் ஒரு சர்வே கல் இருந்ததே, அதன் தலையில் வைத்துத்தான் பாதாங்கொட்டை உடைப்போம். நீ ஒருமுறை விரலை நசுக்கிக்கொண்டு, வீட்டில் கதவு இடுக்கில் மாட்டியது என்று சொன்னாய். மாநகராட்சிக்காரர்கள் அளக்க வருவதற்குள் ஒரு நடை போய்ப் பார். இருந்தால் பேரனை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு