ரெண்டு ஏஸ் கையில் இருந்தும் தோற்பது எப்படி

லாஸ் வேகாஸ்,
நெவாடா.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மருமகளும் பிள்ளைகளும் நலம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் நீங்கள் போக்கர் சீட்டாட்டத்தைப் பற்றிக் கேட்டபோது என் பிரேக் முடிந்துவிட்டது. "ஏண்டா, ரெண்டு ஏஸ் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் எப்பிடிடா தோப்பான்?" எழுதினால்தான் காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் சீட்டுக்கட்டைப் பரப்பி நீங்களே போட்டுப் பார்ப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் இங்கே காசினோவில் சீட்டு ஆடுகிறவன் இல்லை, ஆடுகிறவர்களுக்குப் போடுகிறவன். இந்த மாநிலத்தில் 1931லிருந்து சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. சீருடை உண்டு. அரைமணிக்கு ஒருமுறை மேஜை மாறும். சம்பளம் கொஞ்சம்தான், ஜெயித்தவன் தள்ளிவிடும் ஒரு டாலர் சில்லுகளில்தான் வீட்டு வாடகை ஓடுகிறது. மேஜையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கையையும் தட்டி, விரித்து, தலைக்கு மேலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். வந்த புதிதில் வீட்டில் சாப்பிட்டு எழும்போதும் கை தானாகத் தட்டியது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. வெயில்? கிருஷ்ணகிரி வெயிலுக்கே முணுமுணுப்பீர்களே, இங்கே ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் சாதாரணம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு. ஒரு சுற்றுப் பணம் கட்டியதும் நடுவில் மூன்று சீட்டைத் திறப்போம், அதுதான் ஃபிளாப். பிறகு ஒன்று, அது டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். நடுவிலிருக்கும் ஐந்தும் எல்லோருக்கும் பொது, அவற்றோடு தன் சீட்டைச் சேர்த்துப் பெரிய கை அமைத்தவனுக்கே பணம். நோ-லிமிட் என்றால் எப்போது வேண்டுமானாலும் முன்னால் இருப்பதை மொத்தமாகத் தள்ளலாம்.

இரண்டு ஏஸ் 221 கைக்கு ஒருமுறைதான் வரும். எதிரே ஒரே ஆள், அவன் கையில் ஏதோ ஒரு சீட்டு என்றால், நூற்றுக்கு 85 தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். நான்கு பேர் கடைசிவரை கூட வந்தால் அதுவே 56க்கு இறங்கிவிடும். அதனால்தான் விவரமானவன் ஃபிளாப்புக்கு முன்னாலேயே நன்றாக ஏற்றிக் கூட்டத்தைக் கலைக்கிறான். தை மாதம் பூவைப் பார்த்தே தோப்பைக் குத்தகை பேசுவீர்களே, அப்படித்தான் அந்த ஜோடி. பூ நிஜம்தான். மழையும் தத்துப்பூச்சியும் பிறகுதானே வரும்?

போன வாரம் என் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளுக்கு 300 டாலர். தொப்பிக்காரர் ஒருவர் இரண்டு ஏஸோடு 15 கட்டினார், மூன்று பேர் கூட வந்தார்கள். நடுவில் சுமார் 60. ஃபிளாப்பில் இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று. 40 கட்டினார். அதில் தப்பே இல்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் பேசாமல் ஈடு கட்டினார். டர்னில் கிளாவர் ஏழு. நம்மவர் 80. பெரியவர் தன்னிடம் மிச்சமிருந்த 245ஐயும் அப்படியே முன்னால் தள்ளினார்.

அந்தப் பெரியவர் வந்ததிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு பேக், பேக் என்று சீட்டை வீசிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று மலையைத் தள்ளினால் என்ன அர்த்தம்? மூன்று எட்டு இருக்கலாம், பத்து-ஜாக் வைத்து சீக்வென்ஸ் சேர்ந்திருக்கலாம், இரண்டுமே ஒரு ஜோடியை வெல்லும். தொப்பிக்காரர் சீட்டை இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். ஏஸ் ஏஸாகத்தானே இருக்கும்? 165ஐ எடுத்து வைத்தார். எதிரே மூன்று எட்டு. தப்பிக்க மிச்சமிருந்த இரண்டு ஏஸில் ஒன்று ரிவரில் வர வேண்டும், பார்க்காத சீட்டு 44. வரவில்லை. 630ஐயும் பெரியவர் பக்கம் தள்ளினேன். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் இந்த வேலையில் பெரிய கஷ்டம்.

இதைக் கேட்டுவிட்டு, ஏஸ் வந்தால் பயந்து பயந்து ஆட வேண்டும் என்று மச்சான் முடிவு கட்டிவிடப் போகிறான். அதுவும் நஷ்டம்தான். நடுவில் 40 இருக்கிறது, ஃபிளாப்பில் இரண்டு இஸ்பேட், எதிராளி கையிலும் இரண்டு இஸ்பேட் என்று வையுங்கள். அடுத்த சீட்டிலேயே அவனுக்குக் கலர், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, சேர வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. நீங்கள் 10 கட்டினால், 50ஐப் பிடிக்க அவன் 10 கொடுத்தால் போதும், ஆறில் ஒருமுறை வந்தாலே கட்டுபடியாகும். நீங்களே அழைத்த மாதிரி ஆகிவிடும். 30 கட்டுங்கள். அப்போது மூன்றில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட வந்தால்தான் கணக்கு சரியாகும். கூட வந்தால் வரட்டும், தப்பு அவனுடையது. ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்றும் வேறு வேறு ஜாதியாக விழுந்தால் துரத்த ஒன்றுமில்லை. அங்கே சின்னதாகக் கட்டினாலே ராஜா வைத்திருப்பவன் விடாமல் கூட வருவான்.

பணத்தின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் கிடப்பதைப் போல ஒரு பங்கு, இரண்டு பங்குதான் முன்னால் மிச்சம் என்றால் பெரிய ஜோடியோடு யோசிக்காமல் போய்விடலாம். பத்துப் பங்கு இருக்கும்போது ஒரே ஜோடியை நம்பி அத்தனையும் வைப்பவர்களால்தான் இந்த ஊரில் பலர் பிழைக்கிறார்கள்.

இரண்டு ராஜா வந்தால் தலைவலி வேறு மாதிரி. ஃபிளாப்பில் ஏஸ் விழ வாய்ப்பு நூற்றுக்கு 22, 23. விழுந்தவுடன் முகம் தொங்கிவிடும். எதிரே ஒரே ஆள் என்றால் அவசரப்பட வேண்டாம், பணம் கட்டாமல் மேஜையை மட்டும் தட்டிவிட்டு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். மூன்று பேர் இருந்து, ஒருவன் கட்டி, இன்னொருவன் ஏற்றினால் பேக்தான். ராணி ஜோடிக்கு ஏஸும் ராஜாவும் இரண்டுமே பயம். ஜாக் ஜோடியைப் பற்றிக் கேட்காதீர்கள், அதில் நல்ல ஆட்டக்காரர்களுக்குள்ளேயே சண்டை.

மச்சான் இதைப் போனில் காசு கட்டி ஆடிப் பார்க்கப் போகிறானாம். 2025ல் மத்திய அரசு அந்த மாதிரி ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டாகிவிட்டது என்று சொல்லுங்கள். புளியங்கொட்டை வைத்து உங்களோடு ஆடட்டும். நீங்கள் அவனை விடவா போகிறீர்கள்!

மேல்தோப்பைக் குத்தகைக்கு விட்டீர்களா, நீங்களே பறிக்கிறீர்களா? அத்தை கேட்ட ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், டிசம்பரில் பெங்களூர் வருகிற நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். எட்டு மணிக்கு ஷிப்ட், கிளம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்