தோர்த்துகேரோவில் என் கைக்கடிகாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கோஸ்டா ரிக்கா பயணக் கட்டுரையைப் படித்தேன். போன ஆகஸ்டில் அங்கே போய் வந்தவன் என்பதால் ஒரு வரி விடவில்லை. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு இடங்களில் பேனாவை எடுக்கும்படி ஆகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

முதலாவது சின்ன விஷயம். மரத்தில் தொங்கும் ஸ்லாத் படத்துக்குக் கீழே ‘தேவாங்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். தேவாங்கு நம் அய்யலூர், கடவூர் பக்கத்துப் பிராணி. அதற்கென்றே 2022இல் தமிழக அரசு சரணாலயம் அறிவித்தது. அது குரங்குக்கு உறவு. ஸ்லாத்தோ தென் அமெரிக்க எறும்புத்தின்னிக்கு உறவு. (நம்மூரில் எறும்புத்தின்னி என்கிறோமே, அந்த அலங்கு வேறு.) இரண்டுக்கும் பொதுவானது மெதுவாக நகர்வது மட்டும்தான். அதை வைத்து உறவு கொண்டாடினால் இந்த மூட்டுவலியோடு நானும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடுவேன்.

இரண்டாவது சின்ன விஷயம் இல்லை. தோர்த்துகேரோ கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, ‘இருட்டிலும் நன்றாகப் படம் எடுக்கும் கைபேசியை மறக்காமல் கொண்டு போங்கள்’ என்று கட்டுரையில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். இதைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். இரவில் அந்தக் கடற்கரையில் கேமராவும் கூடாது, கைபேசியும் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு நானே சாட்சி. குற்றவாளி என்றும் சொல்லலாம்.

மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். நானும் மனைவியும் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, கையில் அமெரிக்க விசா இருப்பதால் கோஸ்டா ரிக்காவுக்குத் தனி விசா வேண்டியதில்லை என்று சொல்லி எட்டு நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான். பரப்பில் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லாத நாடு. முதலில் மொன்டேவெர்டே மேகக்காடு. இரண்டு நாளும் மழையைத்தான் பார்த்தோம். 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத பொன்தேரை வாழ்ந்த மலை அது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மனைவிக்குப் போதவில்லை.

அப்புறம் தோர்த்துகேரோ. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து மலைக்காட்டு வழியாக இறங்கினால் வழியெல்லாம் வாழைத் தோட்டம். தாருக்குத் தார் நீல நிற பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கிறார்கள். லா பவோனா படகுத்துறையோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆற்றில் ஒரு மணி நேரம். ஊருக்குள் கார் கிடையாது. ஒரு பக்கம் கரீபியன் கடல், மறு பக்கம் கால்வாய், நடுவே ரிப்பன் மாதிரி ஊர். மேற்கு அரைக்கோளத்தில் பேராமை (பச்சைக் கடலாமை) மிக அதிகமாக முட்டையிடும் இடம் இதுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை பருவம்.

படகுத்துறையிலேயே ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். ஆமை காட்டப் பாதிக் காசு போதும், போனும் கொண்டு வரலாம் என்றார். மகன் மறுத்துவிட்டான். அவன் ஏற்பாடு செய்திருந்தது உரிமம் வாங்கிய உள்ளூர் வழிகாட்டி. முப்பது வயதிருக்கும், கரீபியன் சாயலில் இழுத்துப் பேசும் ஆங்கிலம். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. இருண்ட நிறத் துணி, மூடிய செருப்பு. கைபேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டுத்தான் போனேன்.

எட்டு மணியிலிருந்து பத்து வரை எங்கள் முறை. நேராகக் கடற்கரைக்குப் போய்விட முடியாது. கரைக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு பாதையில் காத்திருக்க வேண்டும். ஆமையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஊர்க்காரர்கள் சிலர் மணலில் நடந்துகொண்டிருப்பார்கள். ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் வழிகாட்டியைக் கூப்பிடுவார்கள். முக்கால் மணி நேரம் தூறலில் நின்றோம். கொசு பிடுங்கிவிட்டது.

கூப்பிட்டார்கள். வரிசையாகக் கரைக்கு இறங்கி நடந்துகொண்டிருந்தபோது வழிகாட்டி சட்டென்று கையை விரித்து எல்லோரையும் நிறுத்தினார். அலை விளிம்பில் ஒரு பாறை. பாறை அசைந்தது. நாங்கள் தேடிப்போன ஆமை அல்ல, அப்போதுதான் கரையேறும் வேறொன்று. இரண்டு இழுவை இழுக்கும், நிற்கும், பெருமூச்சு விடும். அந்த மூச்சுச் சத்தம் அலையைத் தாண்டிக் கேட்டது. கண்ணாடியில் விழுந்த தூறலைத் துடைக்க நான் கையைத் தூக்கினேன்.

மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கடிகாரம். மணிக்கட்டைத் திருப்பினால் தானாக விழித்துக்கொள்ளும். அதுவும் ஒளிரும் என்பது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த இருட்டில் அது டியூப்லைட் மாதிரி இருந்தது. பொத்திக்கொண்டேன். இரண்டு விநாடி இருக்குமா? ஆமை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் அரை வட்டமாகத் திரும்பி, வந்த வழியைவிட வேகமாகத் தண்ணீருக்குள் போய்விட்டது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வழிகாட்டி பக்கத்தில் வந்து, “கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் சார், அவள் இன்றைக்கோ நாளைக்கோ திரும்ப வருவாள்” என்றார். வரும்தான், பாடம் நடத்தியவனுக்குத் தெரியாதா. ஆனால் நூற்றைம்பது கிலோ உடம்பை மணலில் மறுபடி இழுத்துக்கொண்டு வர வேண்டியது அதுதானே.

அன்றைக்கு முட்டையிட்ட ஆமையையும் பார்த்தோம். பின்பக்கமாக நின்றுதான் பார்க்க வேண்டும். வழிகாட்டி கையிலிருக்கும் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும். முட்டைகள் டேபிள் டென்னிஸ் பந்து அளவில், ஈரமாக, இரண்டு மூன்றாக விழுந்தன. ஒரு முறைக்கு நூறு, நூற்றுப்பத்து இடுமாம். முடித்ததும் முன்துடுப்பால் மணலை வாரி எறிந்ததில் என் வாயெல்லாம் மண்.

தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி. சின்ன வயதில் எனக்கு மூச்சிழுப்பு உண்டு. ஆச்சி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போவாள். பேராமைகளை மல்லாக்கப் போட்டிருப்பார்கள். துடுப்பு காற்றில் அசைந்துகொண்டிருக்கும். அறுத்த ரத்தம் சூடாக ஒரு டம்ளர். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். இழுப்பு போகவில்லை என்பது வேறு கதை. 1977இல் கடலாமைகள், வேட்டையாடவே கூடாத விலங்குகளைச் சொல்லும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன.

திரும்பும் வழியில் இதை வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அவருடைய தாத்தா அதே கடற்கரையில் ‘வெலதோர்’. கண் விழித்திருப்பவர் என்று அர்த்தமாம். ஆளுக்கு ஒரு மைல் மணல். இரவெல்லாம் நடந்து, கரையேறும் ஆமையை மல்லாக்கப் புரட்டிப் போடுவது வேலை. இறைச்சிக்கும் சூப்புக்கும் கப்பலில் போகும். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அங்கே வந்து, 1955 முதல் ஆமைத் துடுப்பில் உலோக அடையாளம் மாட்ட ஆரம்பித்தார். 1975இல் தேசியப் பூங்கா வந்தது. தாத்தா புரட்டிப் பிழைத்தார், பேரன் காட்டிப் பிழைக்கிறார். படகுத்துறை ஆள் கேட்ட பாதிக் காசு இவர்கள் கைக்கு வராது என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். இரவில் வந்துபோன தடங்கள் டிராக்டர் ஓடியது போலக் கிடந்தன. எல்லாம் மேலே மரங்கள் வரை ஏறி, ஒரு குழியைத் தொட்டு இறங்கின. ஒன்று மட்டும் பாதி மணலிலேயே வளைந்து கடலுக்குத் திரும்பியிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “இது உங்களுதா?” என்றாள்.

நம்மூரிலும் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களோடு நடக்கப் போகிறவர்களும் உங்கள் வாசகர்கள்தான். ‘நல்ல கைபேசி கொண்டு போங்கள்’ என்பதைப் படித்திருப்பார்கள். ஆகவே திருத்தத்தை உள்பக்க மூலையில் போடாமல் அதே ஞாயிறு இணைப்பில் போடுங்கள். அதில் கைபேசி, கேமராவோடு கைக்கடிகாரம் என்ற சொல்லும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.