செவ்வரத்தம் பூவைத் தைக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தையல் விஷயத்தை வாயால் சொன்னால், நீ ஊசியைக் கையில் எடுக்கும்போது பாதி மறந்துபோயிருக்கும். அதனால் எழுதுகிறேன், பிள்ளை. பக்கத்தில் வைத்துக்கொண்டு தை.

யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஒரு பூத்தையல் இருக்கிறதா, இருந்தால் அதைத்தான் தைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ தைத்த இலை ஏன் சுருங்கிக் கிடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இலையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன் மற்றதை முடிக்கிறேன்.

லக்னோவுக்குச் சிக்கன்காரி என்ற பூத்தையல் இருக்கிறது. வங்காளத்துக்குக் காந்தா. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, படம் எதுவும் கீறாமல், துணியின் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப் பெயர் சொல்லிக் காட்ட எங்களிடம் ஒரு தையல் இல்லை. எங்கள் பெண்களின் கைத்திறன் பனையோலையில் இருந்தது. துணி என்று பார்த்தால், சாயத்தில் இருந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துப் பக்கங்களிலும் கிண்டியெடுத்த சாயவேர் தந்த சிவப்புக்காக, ஒல்லாந்தர் அந்த வேரையே தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீடுகளில் தைத்த தையல் வகைகள் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்தவை. அமெரிக்க மிஷன்காரர் 1816இல் இங்கே வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். எழுத்தும் ஊசியும் சேர்ந்தே பிள்ளைகளின் கைக்கு வந்தன. அம்மம்மா காலத்தில் தலகணி உறை, மேசை விரிப்பு, கைலேஞ்சி என்று எல்லாவற்றிலும் பூ ஏறிவிட்டது. அவரின் உறைகளில் ரோசாப் பூவும் இரண்டு குருவியும், கீழே ஆங்கில எழுத்தில் 'குட் நைட்'டும் இருக்கும். நீயும் அவற்றில் படுத்து வளர்ந்தவள்தானே.

எந்தத் தையல் எந்த ஊருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். நீ பழகிய சங்கிலித் தையலையே எடு. சீனாவில் மவாங்துயி என்ற இடத்தில் 1972இல் திறந்த கல்லறையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய பட்டுத் துணிகளில் அதே சங்கிலித் தையல் இருந்தது. குஜராத்தில் செருப்புத் தைக்கிறவர்களின் கொக்கி ஊசியிலும் அதே தையல்தான் வந்தது. அதை யாருடையது என்று சொல்வது? ஆனால் தைக்கிற பூ எங்களுடையதாக இருக்கலாம். 1953இல் எலிசபெத் மகாராணி முடிசூடிய அன்று அணிந்த கவுனில், இலங்கைக்கென்று ஒரு தாமரையைத் தைத்திருந்தார்கள். தைத்தது லண்டன் பட்டறை. எங்கள் நாட்டைக் காட்டியது பூ. அம்மம்மா மாதிரிப் புத்தகத்தில் இருந்த பூவைத் தைத்தார். நீ எங்கள் கிணற்றடிச் செவ்வரத்தையைத் தை. படம் எடுத்து அனுப்புகிறேன், அதைப் பார்த்துக் கீறு.

சரி, இலைக்கு வருவோம். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலைப் பிரிக்காமல் ஆறு இழையோடும் தைத்திருக்கிறாய். மெல்லிய பருத்தித் துணி அவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஒரு முழ நீளத்துக்கு வெட்டு, அதற்கு மேல் வேண்டாம். நீளமான நூல் துணிக்குள் போய்வந்து போய்வந்து தேய்ந்து, பளபளப்புப் போய்விடும். பிறகு ஒவ்வோர் இழையாக நேரே மேலே இழுத்துப் பிரித்து, இரண்டை மட்டும் சேர்த்துக் கோர். சேர்ந்தே இருந்த இரண்டை அப்படியே எடுக்காதே. பிரித்துச் சேர்த்தால்தான் இழைகள் முறுக்கில்லாமல் பக்கம் பக்கமாகப் படுக்கும்.

ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். இரண்டு இழைக்கு ஒன்பதாம் எண் போதும். நூல் இங்கே ஆங்கர்தான் கிடைக்கிறது; உன் பக்கத்துக் கடைகளில் டிஎம்சி இருக்கும். அது 1746இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பனி, நல்ல நூல். ஆனால் இரண்டின் எண்களும் பொருந்தாது. கறுப்பு ஆங்கரில் 403, டிஎம்சியில் 310. நான் எண் சொன்னால் எந்தக் கம்பனி என்று கேட்டுவிட்டு வாங்கு.

துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்தின் உள்வளையத்துக்குப் பருத்தி நாடா சுற்று, துணி வழுக்காது. விரலால் தட்டினால் மேளத்தோல் மாதிரிச் சத்தம் வர வேண்டும். தைத்து முடித்து எழும்பும்போது கழற்றிவிடு, இல்லையென்றால் வளையத் தடம் அப்படியே பதிந்துவிடும்.

நீ நூலை ஒவ்வொரு முறையும் இறுக்குகிறாய், சுருக்கத்துக்குப் பெரிய காரணம் அதுதான். நூல் துணியில் படுத்தால் போதும். நூலை நெருக்கமாகப் பக்கம் பக்கமாகப் படுக்க வைக்கும் சாட்டின் தையலில் இலையை நிரப்பும்போது ஓரக் கோட்டில் முதலில் பின் தையல் ஓட்டிவிட்டு, அதை மூடிக்கொண்டு தை. ஓரம் நறுக்காக நிற்கும். இலையை நடு நரம்பில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் சாய்வாக நிரப்பு. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீண்ட தையல் தொங்கும், வளையலிலும் மோதிரத்திலும் கொளுவும்.

செவ்வரத்தை இதழுக்குச் சாட்டின் தையல் சரிவராது, இதழ் அகலம். ஓரத்தில் நீளமும் குட்டையுமாக மாறி மாறித் தை. அடுத்த வரிசை அந்த இடைவெளிகளுக்குள் ஏற வேண்டும். ஓரத்தில் வெளிர் சிவப்பில் தொடங்கி, தொண்டைப் பக்கம் போகப் போகக் கடும் சிவப்பு. எல்லாத் தையலும் பூவின் நடுவை நோக்கியே ஓட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுக்குக் காம்புத் தையல். அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தத்துக்குப் பிரெஞ்சு முடிச்சு: நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த துளைக்குள்ளேயே விடாமல் ஓர் இழை தள்ளிக் குத்து. அதே துளையில் விட்டால் முடிச்சு உள்ளே போய்விடும். நுனியில் சிவப்பாக ஐந்து முடிச்சு. பூவைக் கையில் வைத்து எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும்.

சிவப்பு நூலைத் தைப்பதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் அலசு, சாயம் விடுகிறதா என்று பார். வெள்ளைத் துணியில் ஒருமுறை சிவப்பு ஊறினால் போகாது.

தொண்ணூறுகளில், போர் நேரத்தில், கரண்டும் இல்லாமல், கலர் நூலும் கிடைக்காமல் இருந்தபோது, நாங்கள் பழைய சேலைக் கரைகளில் இருந்து நூலை உருவித் தைத்தோம். வங்காளத்துப் பெண்கள் காந்தாவுக்குத் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கரை நூலை உருவியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். பகலில் விறாந்தையில் பூ வேலை. இரவில் ஜாம்போத்தல் விளக்கில் ஓரம் மடித்துத் தைப்பதோடு சரி. அந்த வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் பிரித்தறிய முடியாது. நீயும் இரவில் வேலையால் வந்து நிறம் தெரிவு செய்யாதே. சனி ஞாயிறில் யன்னலடியில் வைத்துப் பார்.

இங்கே இப்போது கலியாணப் பிளவுஸ் எல்லாம் ஆரி வேலைதான். பெரிய சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கீழே ஒரு கை நூல் கொடுக்க, மேலே கொக்கி ஊசி ஓடும். வேகமான வேலை, பழகிய பிள்ளைகளுக்கு நல்ல வருமானமும் வருகிறது. ஆனால் நீ அதற்கு இப்போது போகாதே. சாதாரண ஊசியில் கை படியட்டும்.

ஒருநாள் லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்துக்குப் போ. அங்கே ஜேன் பொஸ்ரொக் என்ற பெண் 1598இல் தைத்த மாதிரித் துணி இருக்கிறது. மேலே எழுத்துகள், மிருகங்கள். கீழே தையல் மாதிரிகளை அடுத்தடுத்துப் போட்டிருக்கிறாள். அதேபோல் நீயும் ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொள். புதுத் தையல் ஒவ்வொன்றையும் முதலில் அதில் தைத்துப் பார், பிறகுதான் நல்ல துணியில் கை வை.

பெரியம்மா அடுத்த மாதம் அங்கே வருகிறா. இரண்டு கெஜம் வெள்ளைப் பருத்தித் துணியும், எட்டாம் ஒன்பதாம் எண் ஊசிகளும், சிவப்பில் நாலு நிறமும் கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த இலையைத் தைத்ததும் துணியின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. நூல் எங்கே தாண்டுகிறது, எங்கே இறுகுகிறது என்று அதைப் பார்த்தால்தான் என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா