செயலாளரின் ஆண்டறிக்கை: குட்டி ஆமை ஆணா, பெட்டையா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆமை வளர்க்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எல்லாக் கூட்டத்திலும் எழுந்த ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்: "இந்தக் குட்டி ஆணா, பெட்டையா?"

உள்ளங்கையளவு குட்டியை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் எல்லாவற்றுக்கும் வால் குட்டை, வயிற்று ஓடு தட்டை. அதாவது பார்வைக்கு எல்லாமே பெட்டைதான். பெட்டை என்று நம்பி வாங்கியவை சில வருடங்களில் ஆணாகத் தெரியவருவது இதனால்தான். விற்பவர் உறுதியாகச் சொன்னாலும் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதைவிட ஓட்டின் நீளம்தான் கணக்கு. ஹெர்மன் ஆமையும் ரஷ்ய ஆமையும் சுமார் 10 செ.மீ. தாண்டிய பிறகே அடையாளம் காட்டத் தொடங்கும். சுல்காட்டா போன்ற பெரிய இனத்துக்கு 30 செ.மீ. வரைகூடக் காத்திருக்க நேரும். முதலில் பார்க்க வேண்டியது வால். ஆணுக்கு அது நீண்டு, அடிப்பகுதி தடித்து, பெரும்பாலும் ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். கழிவுத் துளை வால் நுனியை நோக்கித் தள்ளி இருக்கும். பெட்டைக்கு வால் சிறியது, துளை உடலை ஒட்டியே இருக்கும். வாலுக்கு மேலுள்ள கடைசி இரண்டு வயிற்றுத் தகடுகளுக்கு இடையிலான கோணம் ஆணுக்கு விரிந்திருக்கும். ஆணுக்கு வரும் வயிற்று ஓட்டுக் குழிவை மட்டும் நம்பாதீர்கள். அது தாமதமாக வரும். ரஷ்ய ஆமையில் ஆணுக்கும் ஓடு ஏறக்குறைய தட்டைதான்.

ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். நாம் வளர்க்கும் இனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாலினத்தை முடிவு செய்வது மரபணு அல்ல, முட்டை அடைகாக்கப்படும் காலத்தில் இருக்கும் வெப்பம். ஹெர்மன் ஆமையில் ஏறத்தாழ 31.5 டிகிரி செல்சியஸ் எல்லை: அதற்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெட்டை அதிகம். ஆகவே அந்தச் சோதனை இங்கே கைகொடுக்காது. குட்டியிலேயே உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, பின்னங்காலுக்கு முன்னால் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமரா வழியே உள்ளே பார்க்க வேண்டும். ஆர்வத்துக்காக மட்டும் ஒரு குட்டியை மயக்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஓர் உறுப்பினர் குட்டியை வெதுவெதுப்பான நீரில் விட்டபோது, வாலடியிலிருந்து கருஊதா நிறத்தில் சதை ஒன்று விரிந்து வெளியே வந்தது. குடல் சரிந்துவிட்டதென்று பதறிப்போனார். சில நிமிடத்தில் அது தானாகவே உள்ளே போயிற்று. அது ஆண்குறி! குட்டியில் நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று அது ஒன்றுதான். உள்ளே போகாமல் நின்றுவிட்டால் மட்டும், காயவிடாமல் ஈரத்துணி சுற்றி உடனே மருத்துவரிடம் போங்கள்.

இத்தனை அக்கறை எதற்கு? இரண்டும் பெட்டை என்று ஒரே தொட்டியில் விட்ட ஜோடிகள் வளர்ந்ததும் ஓட்டால் முட்டிக்கொண்டு, காலைக் கடித்துப் புண்ணாக்கிய நிலையில் நம்மிடம் வந்தன. பெட்டையை ஆண் என்று நினைத்தாலும் ஆபத்து உண்டு. துணையே இல்லாத பெட்டைக்கும் முட்டை உருவாகும். தோண்ட ஆழமான மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்தபடி, அளவு எட்டாத குட்டிகளுக்கு நம் பதிவேட்டில் "பாலினம் தெரியவில்லை" என்றே எழுதுவோம். அதுவரை ஒவ்வொன்றையும் தனித்தனியே வையுங்கள். ஆண்டுக்கொரு முறை, பக்கத்தில் அளவுகோல் வைத்து, வாலும் கடைசித் தகடுகளும் தெரியும்படி அடிப்பக்கத்தைப் படமெடுத்துத் தாருங்கள். மல்லாத்திப் போடாமல், தலை மேலே இருக்கும்படி தூக்கிப் பிடித்து எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்